மூன்றாவது பீரியட் மறைக்கல்வி

"பத்தொன்பது வருஷமா எடுத்துட்டிருக்கேன் சிஸ்டர். இப்பப் போய்த் தகுதி இருக்கான்னு கேக்கறீங்களே!"

"நான் கேக்கல சார், பிஷப்போட மறைமாவட்டம் கேக்குது," என்று தலைமையாசிரியை சிஸ்டர் சுற்றறிக்கையை அவர் பக்கம் தள்ளினார்.

மறைக்கல்வி வாத்தியார் படித்துப் பார்த்தார். கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் மறைக்கல்வி, அதாவது வேதபாடம், எடுக்க இனி இறையியல் டிப்ளமோ வேண்டுமாம். ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவர் என்று அவரவர் கோயில் சாமியாரான பங்குத்தந்தையின் கடிதம் வேண்டுமாம். இரண்டையும் காட்டி மறைக்கல்விக் குழுவின் அனுமதியை வருடக் கடைசிக்குள் வாங்காவிட்டால் வேலை போய்விடுமாம்.

பாடம் நடத்தத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நல்லவேளை. அவருடைய வகுப்பில் அவர் நோட்ஸ் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள். கேள்வி கேட்கிறவன் பெஞ்சு மேல் ஏறி நிற்பான்.

டிப்ளமோவில் சேர்ந்தார். வேலைக்குப் போகிறவர்கள் மேல் திருச்சபைக்கு இருந்த கரிசனத்தால் வகுப்பை ஞாயிறு காலையில் வைத்திருந்தார்கள், எட்டிலிருந்து ஒன்று வரை. அவருடைய கோயிலில் ஞாயிறு நடக்கும் ஒரே பூசையும் எட்டரைக்குத்தான். ஆறு மாதம் கண்ணும் கருத்துமாகப் படித்தார். பிறகு கடிதத்துக்காகப் பங்குத்தந்தையிடம் போய் நின்றார்.

"ஆறு மாசமா ஞாயிறு பூசையில உங்களைக் காணோமே சார்?"

"இறையியல் வகுப்புக்குப் போறேன் ஃபாதர்."

"கடவுளைப் பத்திப் படிக்கப் போனீங்க, கடவுளைப் பாக்க வரல. ஒழுங்கா வர்றவர்னு நான் எப்படி எழுதிக் குடுப்பேன்?"

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிறு கணக்குலதான சேரும்? நம்ம கோயில்ல இல்லைன்னா பக்கத்துப் பங்குல இருக்கே. இதுகூடவா அந்த டிப்ளமோவுல சொல்லித் தரல?"

இரண்டு மாதம் ஒரு சனிக்கிழமை தவறாமல் பக்கத்துப் பங்குக்குப் போனார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். பாடத் தெரியாத பாட்டையும் பாடினார். அந்தத் தைரியத்தில் மறுபடி தம் பங்குத்தந்தையைப் பார்க்கப் போனதுதான் தப்பு.

"ஓகோ, அடுத்த பங்குக்கே போயிட்டீங்களா? அப்ப கடிதத்தையும் அந்த ஃபாதர்கிட்டயே வாங்கிக்குங்க."

அந்த ஃபாதர் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க பேரே இதுல இல்லையே. உங்க பங்குலதான் கேக்கணும்."

பந்து இங்கும் அங்கும் உருண்டது. அதோடு பங்கு அலுவலகம் திறப்பதே செவ்வாய் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். வாத்தியாருக்குச் செவ்வாய் மூன்றாவது பீரியட் மறைக்கல்வி. அதனால் செவ்வாய்தோறும் சிஸ்டரிடம் சொல்லாமல் பின்கேட் வழியாக நழுவினார். மறைக்கல்வி எடுக்கும் தகுதியைச் சம்பாதிக்க, மறைக்கல்வி எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

குழு கூப்பிட்ட நாளும் வந்தது. கையில் டிப்ளமோ இருந்தது, கடிதம் இல்லை. இந்த ஐம்பது வயதில் வேறு எவன் வேலை தருவான் என்று பயந்துகொண்டே மேசை முன் உட்கார்ந்தார்.

குழுத் தலைவரான ஃபாதர் ஃபைலைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார். "கடிதம் இல்ல. விதிப்படி பாத்தா உங்களை அனுப்பணும்."

வாத்தியார் டிப்ளமோவை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"ஆனா எங்க ஆய்வாளர் யாருக்கும் சொல்லாம உங்க பள்ளிக்கு வந்திருக்காரு. கதவுல ஒட்டியிருந்த அட்டவணையில உங்க பேரைப் பாத்துட்டு, ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டிருக்காரு. படிக்கிறேன், கேளுங்க." ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "'கடவுள் நிஜமாவே இருக்காரா என்று ஒரு மாணவன் கேட்டான். ஆசிரியர் அதட்டவில்லை. எனக்குத் தெரியலப்பா, நீ என்ன நினைக்கிற என்று திருப்பிக் கேட்டார். வகுப்பே பேசத் தொடங்கியது. பீரியட் முடிந்து பத்து நிமிடமாகியும் மணி அடிக்கவில்லை, ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. இப்படியொரு தாழ்ச்சியும் ஆழ்ந்த விசுவாசமும் உள்ள ஆசிரியரை நான் கண்டதில்லை.' இதுக்கு மேல என்ன கடிதம் வேணும்? அனுமதி குடுத்தாச்சு!"

"எ... என்னிக்கு வந்தாரு ஃபாதர்?"

"போன செவ்வாய். மூணாவது பீரியட்."

அந்த நேரத்தில் வாத்தியார் பங்கு அலுவலக பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது பொய்யாகாது என்று அந்த நிமிடமே அவருக்குத் தெளிவு பிறந்தது. டிப்ளமோ படித்ததற்கு அதுதான் முதல் பலன். கும்பிட்டுவிட்டு அனுமதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

நேராகப் பள்ளிக்கு ஓடினார். வேலை பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம், தன் பெயரில் பாடம் நடத்திய அந்த மகான் யார் என்ற குடைச்சல் ஒரு பக்கம். ஆசிரியர் அறையில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் வராந்தாவில் மணியடிக்கிறவரைப் பிடித்து நிறுத்தினார்.

"போன செவ்வாய் மூணாவது பீரியட் என் கிளாஸ்ல யாருய்யா இருந்தது?"

மணியடிக்கிறவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தாங்க சார், பசங்க கத்துனாங்கன்னு உள்ள போனவன் பேச்சு சுவாரசியத்துல பெல்லையே மறந்துட்டேன், சிஸ்டர்கிட்ட மட்டும் போட்டுக் குடுத்துடாதீங்க, எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாதுன்னு தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க!"