எதிரூர் மைதானத்துக்குப் போன தேங்காய்

வீட்டில் சோபாவில் கால் நீட்டி இருந்து பந்தாட்டம் பார்க்கிற நேரம், என்னைப்போல ஒரு வீரன் ஜெர்மனியில், இந்த டுசல்டோர்ஃப் நகரத்திலேயே கிடையாது. நடுவருக்குக் கண் தெரியாது என்பேன். "பயந்தாங்கொள்ளியள்! பந்துக்குப் போகப் பயமெண்டால் என்னத்துக்குச் சப்பாத்துப் போட்டனீங்கள்?" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவேன். என் மனிசி பக்கத்திலிருந்து எழும்பிச் சமைக்கப் போவா. குசினிக்குள் தேங்காய் திருவத் தொடங்குவா. அந்தச் சத்தம் கேட்டதும் நான் கப்சிப். ஏனென்று அவவுக்கு இன்றைக்கும் முழுக்கத் தெரியாது. இதை வாசித்தால் தெரியவரும். தெரியட்டும்.

நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எந்தக் கழகம், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதேங்கோ. எங்களுடையதை "எங்கடை கழகம்" என்றே சொல்லிவிடுகிறேன். எதிரணி ஊரின் பெயரைச் சொல்லவே மாட்டேன், என் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது அந்த ஊரில். சம்பந்தி வீட்டார் தங்கமான ஆட்கள். ஆனால் அந்தக் காலத்தில் அந்த மைதானத்துக்கு எதிரணி ரசிகனாகப் போகிறவன், பல்லெல்லாம் வாயில் இருக்கத் திரும்பிவர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ரயில் ஏறுவான். இப்போது குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போகிறார்கள். அப்போது போத்தல் பறக்கும், லைட்டர் பறக்கும், எச்சில் பறக்கும். வாசலில் மொட்டைத் தலைப் பெடியள் கும்பலாக நிற்பார்கள். எங்கள் கழகத்துச் சால்வை அவர்கள் கண்ணில் படுவதற்கு முதலே எங்கள் தோல் நிறம் பட்டுவிடும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அகதியாக வந்து, விண்ணப்பம் ஏற்கப்பட்டு, கடவுச்சீட்டும் கையில் கிடைத்து, ஒரு உணவகத்தில் சமையலுக்கு உதவியாக நின்றேன். பெரிய சமையற்காரர் ஒருநாள் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அவர் செய்த பிழை அதுதான். அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வெயில் காலத்திலும் கம்பளிச் சால்வை. வாயைத் திறந்தால் "நாங்கள்". "நாங்கள் நேற்று நல்லா அடிபட்டுப்போனம் அம்மா" என்று யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் சொல்ல, அந்தப் பக்கத்தில் அம்மா குழறி அழுத கதையும் உண்டு. (ஷெல் விழுகிற ஊரில் இருக்கிற மனிசிக்குச் சொல்லுற கதையோ அது?)

அந்த வருடம் எங்கடை கழகம் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி ஆட்டம் அந்த ஊரில். வென்றால் தப்பலாம், தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போகவேண்டும். நான் பார்த்துக்கொண்டு இருப்பேனா? எங்கள் ஊர் ஆட்டங்களுக்கு முதல், மைதான வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால் போய்ப் பிள்ளையாரை நினைத்து ஒரு தேங்காய் அடித்து வந்தேன். நாலு தேங்காய் அடித்ததில் மூன்று வெற்றி. (நாலாவது தேங்காய் அழுகல்.) எனவே கடைசி ஆட்டத்துக்கும் தேங்காய் போகவேண்டும். டுசல்டோர்ஃபில் அடித்துவிட்டுப் போனால் சரிவராதா என்று என் சினேகிதன் யோகன் கேட்டான். "ஆட்டம் எங்கையோ அங்கைதான் அடிக்கோணும். பிள்ளையாரை ஏன் அலைக்கழிக்கிறாய்?" என்றேன். பதினொரு ஆட்டக்காரர்களாலும் ஒரு பயிற்சியாளராலும் செய்ய ஏலாததை நானும் ஒரு தேங்காயும் செய்துமுடிப்போம் என்று முழுமனதாக நம்பினேன்.

யோகனைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவனுடைய அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊரின் அகதி விடுதியில் இருந்தான். அப்படி இருப்பவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் அலுவலகத்தில் அனுமதித் துண்டு எடுக்கவேண்டும். என் பிறந்தநாளுக்குத் துண்டில்லாமல் வந்து ஒருதரம் பிடிபட்டிருந்தான். அடுத்த தடவை வழக்கு என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். விண்ணப்ப விசாரணைக்கு இன்னும் இரண்டு கிழமை. கலியாணம் கட்டி மூன்று மாதம் மட்டும் கூட இருந்த வசந்தி, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அவனுடைய முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவனைத்தான் நான் கூப்பிட்டேன்.

"வேண்டாமடா மச்சான். பிடிபட்டனெண்டால் வழக்கு. வசந்தி அந்த லொட்ஜிலையே கிழவியாயிடுவாள்."

"விசர்க்கதை கதையாதை. இருபதாயிரம் சனத்துக்குள்ளை உன்னை ஆர் தேடப்போறான்?"

"எங்களைத் தேடத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்."

"டேய், நான் இருக்கிறன். ஏதும் கரைச்சலெண்டால் நான் கதைப்பன். என்ரை டொச் எப்பிடியெண்டு உனக்குத் தெரியும்தானே." (ஜெர்மன் மொழியை நாங்கள் டொச் என்றுதான் சொல்லுவோம்.)

தனியாகப் போக எனக்குப் பயம். அந்த உண்மையை மட்டும் அவனுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரயில். நான் வைகாசி வெயிலில் புதுத் தோல் ஜாக்கெட் போட்டிருந்தேன். தோளில் பை தொங்கினால் ஜாக்கெட்டின் வடிவு கெட்டுவிடும் என்று தேங்காயும் மட்டன் ரோல்சும் இருந்த பையை யோகனிடம் கொடுத்தேன். எங்களுக்கு எதிரே ஒரு ஜெர்மன்காரர் வந்து குந்தினார். மலை போன்ற உடம்பு, கையில்லாத ஜீன்ஸ் அங்கி முழுக்க எங்கடை கழகச் சின்னங்கள், கழுத்தில் பச்சை குத்தல். சிரிக்கவே இல்லை. எதிரணிக்காரரை விட இவருக்குத்தான் நான் கூடப் பயந்தேன். யோகன் என்ன செய்தான் தெரியுமோ? பையைத் திறந்து அந்த மனிதருக்கு ஒரு ரோல்சை நீட்டினான்!

"டேய், மானத்தை வாங்காதை" என்று பல்லைக் கடித்தேன்.

அவர் வாங்கிச் சாப்பிட்டார். உறைப்பில் முகம் சிவந்து கண்ணால் தண்ணீர் ஓடியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொண்டு இருக்கோ?" என்றார். பெயர் டீட்டராம். கையால் வாயால் காட்டி இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். தேங்காயையும் யோகன் எடுத்துக் காட்டி, கும்பிட்டு, நிலத்தில் அடிப்பதுபோலச் செய்து, "கோல்!" என்றான். டீட்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் எழும்பி நாலு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தேன். உண்மையான ரசிகன் என்று மற்றவர்கள் என்னை மதிக்கவேண்டுமே.

அந்த ஊர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் என்னுடைய மதிப்பெல்லாம் கரைந்துபோனது. தலைக்கவசம் போட்ட பொலிஸ் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, நாய்கள் குரைக்க, நடுவால் எங்களை ஆடு மாடு மாதிரிச் சாய்த்துக்கொண்டு போனார்கள். பொலிசுக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலைகள். ஒருவன் எங்கள் இரண்டு பேரையும் விரலால் காட்டி, கழுத்தை அறுப்பதுபோலச் சைகை செய்தான். குரங்குச் சத்தம் போட்டார்கள். ஒரு போத்தல் என் காலடியில் விழுந்து நொறுங்கியது. என் சால்வை தானாகவே ஜாக்கெட்டுக்குள் போய்விட்டது. ஜாக்கெட் சிப்பை நாடி வரைக்கும் இழுத்துவிட்டேன்.

மைதான வாசலில் சோதனை. யோகன் எனக்கு முன்னால். டீட்டர் எங்களுக்குப் பின்னால். பொலிஸ்காரர் பைக்குள் கைவிட்டார். கை வெளியே வரும்போது அதில் ஒரு முழுத் தேங்காய், குடுமியோடு.

கல், சங்கிலி, இரும்புக் கம்பி எல்லாம் பார்த்த மனிதர். தேங்காய் பார்த்ததில்லை. கையில் வைத்துப் பாரம் பார்த்தார். எறிந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

"இது என்ன?"

யோகனுக்குத் தெரிந்த டொச் மொத்தமும் வெளியே வந்தது. "கடவுள். உடைக்க. பிறகு கோல்."

பொலிஸ்காரர் நடுச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். "உடைக்கவோ? ஆரின்ரை மண்டையை?"

இன்னும் இரண்டு பொலிஸ் வந்து அவனைச் சுற்றி நின்றது. யோகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், நீ சொல்லன்ரா."

பொலிஸ்காரரும் என்னைப் பார்த்தார். "நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாய் வந்தனீங்களோ?"

என் டொச் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. திக்கலில்லை, தடுமாற்றமில்லை, உச்சரிப்பில் ஒரு பிழையில்லை. மொழி வகுப்பு வாத்தியார் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்.

"இல்லை. இவரை எனக்குத் தெரியாது."

அந்த வரிசையில் கறுத்த மனிதர் நாங்கள் இரண்டே இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே மீசை. இரண்டு பேர் மூக்கிலும் அகதிகளுக்கென்று இலவசமாகக் கிடைத்த ஒரே மாதிரித் தடித்த பிரேம் கண்ணாடி. பொலிஸ்காரர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அவனைப் பார்த்தார். இவ்வளவு கேவலமான பொய்யை அவர் தன் சேவைக் காலத்தில் கேட்டிருக்கமாட்டார். எனக்கு எதற்குப் பயம்? சட்டைப்பையில் முறையான கடவுச்சீட்டு. வழக்கில்லை, விசாரணையில்லை, லொட்ஜில் ஆரும் காத்திருக்கவில்லை. இழக்க எனக்கு ஒரு மண்ணும் இருக்கவில்லை. இருந்தும் சொன்னேன்.

யோகன் கண்ணை என்னிலிருந்து எடுத்து நிலத்தைப் பார்த்தான்.

"அடையாள அட்டை" என்றார் பொலிஸ்காரர்.

அவன் கை சட்டைப்பைக்குள் போனது. அவனிடம் அடையாளமாக இருந்த அகதித் தாளை விரித்தால் முதல் பக்கத்திலேயே மாவட்டத்தின் பெயர் இருக்கும். அதோடு எல்லாம் முடிந்தது. வசந்தியை நினைத்தேன். அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை, பாருங்கோ!

"ஏய்! அது என்ரை தேங்காய்!"

டீட்டர் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "இண்டைக்கு என்ரை பிறந்தநாள். இவன் எனக்குக் கொண்டுவந்தவன். பரிசு! உங்களுக்குப் பிறந்தநாள் இல்லையோ?" என்று தொண்டை கிழியக் கத்தினார். யோகனின் தோளில் கையைப் போட்டார். "இவன் எங்கடை ஆள். இவன் உள்ளை வராட்டி நாங்கள் ஒருத்தரும் அசையமாட்டம்."

பின்னால் நின்ற கூட்டம் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து கத்தத் தொடங்கியது. நெருக்குவாரத்தில் தடுப்புக் கம்பி ஆடியது. பொலிஸ்காரருக்கு அலுத்துப்போனது. பறித்த போத்தல்களும் சங்கிலிகளும் கிடந்த தொட்டிக்குள் தேங்காயைப் போட்டுவிட்டு, "போ, போ" என்று கையைக் காட்டினார். யோகன் தாளை வெளியே எடுக்கவே இல்லை.

(டீட்டரின் பிறந்தநாள் மார்கழியில். பிற்பாடு கேட்டறிந்தது.)

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாலுக்குப் பூச்சியம். எங்கடை கழகம் கீழே போனது. யோகன் டீட்டரின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றான். நான் பத்துப் படி தள்ளி, கக்கூசுக்குக் கிட்ட நின்றேன். பிள்ளையார் தேங்காய் கிடைக்காததால் கைவிட்டாரா, அல்லது வாசலில் நடந்ததைப் பார்த்துவிட்டுக் கைவிட்டாரா என்று ஆட்டம் முழுக்க யோசித்தேன்.

திரும்பும் ரயிலில் யோகன் எனக்கு எதிரே வந்து இருந்தான். நல்லாக ஏசுவான் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவன் பையைத் திறந்தான். "ரெண்டு ரோல்ஸ் மிச்சம் இருக்கு. நீ காலமையும் சாப்பிடேல்லை."

"பயந்திட்டனடா" என்றேன்.

"நானும் பயந்தனான்தான்."

அவன் ஏசியிருக்கலாம். அந்த ரோல்சை டுசல்டோர்ஃப் வரும் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன்.

யோகனின் விண்ணப்பம் அடுத்த வருடம் சரிவந்தது. வசந்தி வந்தாள். விமான நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிவரப் போன வாகனம் டீட்டருடையது. யோகனின் பிள்ளைகளுக்கு அவர் டீட்டர் மாமா. தேங்காய்க் கதையை யோகன் நூறு இடத்தில் சொல்லியிருப்பான், பகிடியாக, நடித்துக் காட்டிச் சொல்லுவான். அதில் நான் கடைசி வரைக்கும் வரமாட்டேன். "இவன் மற்ற வாசலாலை முதலே உள்ளை போயிட்டான்" என்பான். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

டீட்டர் அப்படி விடுகிற ஆளில்லை. யோகனின் மகளிடம் கேட்டு ஒரே ஒரு தமிழ் வசனம் பாடமாக்கினார். எந்தக் கொண்டாட்டத்தில் என்னைக் கண்டாலும், எழுபது தாண்டிய அந்த மலை மனிதர் கையைக் குலுக்கிக்கொண்டே, சபை நடுவில், "இவரை எனக்குத் தெரியாது!" என்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், வெள்ளைக்காரர் தமிழ் கதைக்கிறார் என்று. நானும் சிரிப்பேன். யோகன் மட்டும் எழும்பி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவான்.

இதை எழுதி முடித்து முதலில் அவனுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "ஊர்ப் பேரை மட்டும் போட்டிடாதை, சம்பந்தி வீட்டார் வாசிப்பினம்" என்றான்.

இப்போது அந்த வசனம் அவன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டது. நான் யோகன் வீட்டுக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினால், வாசல் ஒலிபெருக்கியில் நாலைந்து குரல், "ஆர்?"

"நான்தான்."

"இவரை எங்களுக்குத் தெரியாது!"

ஒரே சிரிப்பு. நான் பலகாரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். நியாயமான கேள்வி, நியாயமான பதில். பிறகு உள்ளே செருப்பு இழுபடுகிற சத்தம் கேட்கும். வந்து கதவைத் திறக்கிறது எப்போதும் யோகன்தான்.