பாய்லர் அண்ணாச்சியும் கல் சிப்பாயும்

கல்லைத் திட்டியே வெட்கப்பட வைக்கக்கூடிய ஆள் செகந்திராபாத்தில் ஒருவர்தான் இருந்தார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் பாய்லர் செக்ஷனில் வேலை. சுபாவமும் அதே சூடு என்பதால் பெயரே பாய்லர் அண்ணாச்சி என்றாகிவிட்டது. அவருடைய ஞானஸ்நானப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எழுபதுகளில் நாங்கள் அந்த ஊரின் லோத்குண்டா பகுதியில் குடியிருந்தோம். எங்கள் கோவிலை ஒட்டி, சாலையோரம், இரண்டு ஆள் உயரத்தில் பழைய கல் சிலுவை ஒன்று. எந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் நட்டதோ! அடியில் ஒரு பக்கம் தேவமாதா, மறுபக்கம் ஈட்டியோடு ஒரு சிப்பாய், சிலுவையில் இறந்துபோன ஆண்டவரின் விலாவில் குத்தினவன். மழையிலும் வெயிலிலும் தேய்ந்து, சிப்பாய்க்கு மூக்கே கிடையாது.

நாங்கள் எல்லோரும் தேவமாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவோம். பாய்லர் மட்டும் சிப்பாய் முன்னால் சைக்கிளை நிறுத்துவார்.

"ஏலே, செத்தவரப் போயி குத்திருக்கியே, ஒனக்கு வேற சோலியே கெடைக்கலியா?"

பதில் வராது. தமிழ் தெரியாத கண்டோன்மென்ட் ஆளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். "கைக்கு மாரா ரே? போல்!" என்று, ஏன் குத்தினாய் சொல் என்று, அந்த ஊர் இந்தியில் விசாரணை தொடரும். வேலைக்குப் போகும்போது ஒரு டோஸ், திரும்பும்போது ஒரு டோஸ். காய்ச்சலில் படுத்த வாரம், தனக்குப் பதிலாகத் திட்டிவிட்டு வரும்படி மனைவியை அனுப்பினார். அந்த அம்மாள் சிப்பாயிடம், "இன்னைக்கு ஒனக்கு லீவுய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஒருநாள் மணல் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்ததில் சிலுவை தப்பியது, சிப்பாய் இடுப்போடு இரண்டாக முறிந்து விழுந்தான். ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் போட்டோம்.

"ஆண்டவரைக் குத்தினவன்தானே, போகட்டும். அந்த இடத்துல ஒரு பூந்தொட்டி வைப்போம்" என்றார் பங்குச் சாமியார். எல்லோரும் தலையாட்டினோம். பாய்லர் ஊருக்கே மிட்டாய் வாங்கிக் கொடுப்பார் என்று நினைத்தோம்.

பாய்லர் எழுந்தார். குரலில் சூடே இல்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"சாமி, ஆண்டவரு சிலுவையில தொங்கிக்கிட்டு யார மன்னிச்சாரு? இவன மாதிரி ஆளத்தான? இவனத் தூக்கிட்டா அங்க மன்னிக்கதுக்கு யாரு இருக்கா? பூந்தொட்டியவா மன்னிப்பாரு?" சிப்பாய் கிடந்த பக்கம் கையைக் காட்டினார். "நான் திட்டாத ஆளு இந்தக் காலனியில பாக்கியில்ல. இவனுக்கே எடமில்லன்னா, எனக்கு எங்க சாமி எடம்?"

"சரி, அவனே நிக்கட்டும்" என்றார் சாமியார். பூந்தொட்டி அவருடைய பங்களா வாசலுக்குப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு முழுக்கப் பாய்லர் வெயிலில் உட்கார்ந்து, சிமெண்ட் வைத்துச் சிப்பாயை ஒட்டி, இடுப்பைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு முடுக்கினார். பெல்ட் ஏறியதும் அவனுக்கு ஒரு மிடுக்கே வந்துவிட்டது. இனியாவது அவனைக் கொஞ்சுவாரா என்று பார்க்க, திங்கட்கிழமை காலையில் நாங்கள் கும்பலாக நின்றோம். சைக்கிள் வந்து நின்றது.

"எந்திச்சிட்டியால, மூதி?"

பாய்லர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பெல்ட் துருப்பிடித்திருந்தாலும் சிப்பாய் அப்படியே நின்றான், திட்டுவதற்கு ஆளில்லாமல். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஏலே, ஒனக்கு வேற சோலியே..." என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே விட்டுவிட்டேன். அண்ணாச்சி மாதிரி திட்ட எனக்கு வராது.