சரஸ்வதிக்கு முன்னால் ஒரு பென்டிரைவ்

தப்பு செய்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது வராது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஓர் ஆயுத பூஜை அன்று எங்கள் கம்பெனியின் ரிப்போர்ட் சர்வரை ஐந்து மணி நேரம் ஊமையாக்கி வைத்தவள் நான்தான். வேறு யாரையும் கை காட்டப் போவதில்லை. ஆனால் இதை நிமிர்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

கம்பெனி திருநகரில் இருக்கிறது. அப்பளக் கம்பெனி. (சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம், காத்திருக்கிறேன்.) அப்பளத்துக்கு எதற்குச் சர்வர் என்று கேட்பவர்கள் அப்பளத்தை இலையில் மட்டும் பார்த்தவர்கள். எந்த ஊருக்கு எத்தனை பெட்டி போனது, எந்த ரோட்டில் போன வண்டியில் எவ்வளவு உடைந்தது, எந்தக் கடை திருப்பி அனுப்பியது என்று நாள் முழுக்க எண்கள் வந்து குவியும். அவற்றையெல்லாம் வாங்கி அலசி, முதலாளி அறையில் இருக்கும் பெரிய டிவியில் படமாகக் காட்டுவது அந்தச் சர்வரின் வேலை. உடைசல் அதிகமான ரோடு சிவப்பு, குறைவான ரோடு பச்சை. காலையில் காபிக்கு முன்னால் முதலாளி அந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டும்.

அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சரியாகச் சொன்னால், என் வேலையாக நான் ஆக்கிக்கொண்டது. நான் சேர்ந்தது பில் விவரங்களைத் தட்டும் சீட்டில். சர்வரைப் போட்டுக் கொடுத்தவர் ஒரு சென்னைக்காரர். எது நின்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் அங்கிருந்தபடியே உள்ளே நுழைந்து, ஏதோ செய்து, "ஆயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த "ஏதோ" என்ன என்பதை ஒரு வருடம் அவர் செய்யச் செய்யப் பார்த்து நோட்டில் எழுதினேன். பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. வீட்டுக்குள் இங்கிலீஷில் எழுதிய எந்தப் பொருள் வந்தாலும், அது மருந்து பாட்டிலோ உர மூட்டையோ, அது என் இலாகா. அப்படி வளர்ந்தவளுக்குத் திமிர் வரும். வந்தது. அந்தத் திமிரோடுதான் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"அடுத்த அப்டேட்ட நானே போடுறேன் முதலாளி. சென்னைக்காரர் வேணாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏம்மா பாண்டீஸ்வரி, நின்னு போச்சுன்னா?"

"நிக்காது."

"நின்னு போச்சுன்னா மறுபடி பில் தட்டுற சீட்டுக்கே போயிரணும். அப்புறம் சர்வர் ரூம் பக்கம் வரக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் முதலாளி." (இருபத்து நான்கு வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் சம்மதம்.)

ஆயுத பூஜை அன்று போடுவதாக முடிவானது. அன்று மெஷின்களுக்கு லீவு, காலையில் பூஜை முடிந்து பொரி வாங்கியதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சர்வர் நின்றாலும் கேட்க நாதியில்லை.

முன்னேற்பாடுகளை நான் செய்த விதத்தில் இன்றுவரை யாரும் குறை சொல்ல முடியாது. சர்வரில் ஓடும் மென்பொருள் தன் ரகசியங்களை, அதாவது ஒவ்வொரு ரிப்போர்ட்டும் எங்கே போய் எந்தக் கடவுச்சொல்லைச் சொல்லி விவரம் வாங்க வேண்டும் என்பதையெல்லாம், ஒரு சாவி போட்டுப் பூட்டி வைத்திருக்கும். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, ஒரு சின்னக் கோப்பு. அப்டேட் போடும் முன் அதை நகல் எடுத்து, அதே கம்ப்யூட்டரில் வைக்காமல், வேறொரு பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்லி வழிகாட்டிக் குறிப்பில் இருந்தது. முந்தின நாளே எடுத்தேன். பென்டிரைவில் போட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த நகலை அழித்தேன். (படித்த பிள்ளை. எழுதியிருந்தால் செய்துவிடுவேன்.) வீட்டுக்குக் கொண்டு போனேன்.

மறுநாள் கம்பெனிக்கு ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டுக்குச் சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டுக்குச் சரஸ்வதி படம் வந்ததே நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம்தான். அதற்கு முன்னால் அந்த நாளில் மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் மட்டும்தான் பொட்டு. படம் வந்த பிறகு என் புத்தகங்கள், பிறகு என் சர்டிபிகேட்டுகள். அந்த வருடம் தாம்பாளத்தில் அந்தப் பென்டிரைவையும் வைத்தேன். உலகத்தில் அதைவிடப் பாதுகாப்பான இடம் எது?

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கேட்டாள், "இதுக்கு முகம் எந்தப் பக்கம்டி?"

"பளபளன்னு இருக்குல்ல, அந்தப் பக்கம்."

அந்தப் பளபளப்பின் மேல் தாராளமாகச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாள். நான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். சாவி இருந்த பென்டிரைவைத் தாம்பாளத்திலேயே விட்டுவிட்டுத்தான். அது தேவைப்படும் என்று நான் நினைக்கவே இல்லை. சும்மா ஒரு தைரியத்துக்கு எடுத்து வைப்பது அது என்று இருந்தேன்.

கம்பெனியில் பூஜை முடிந்தது. சர்வருக்கும் பொட்டு, மாலை. பதினொன்றரைக்கு அப்டேட்டை ஆரம்பித்தேன். அப்போதுதான் முதலாளி கதவருகே வந்து சொன்னார்.

"நாலு மணிக்கு எர்ணாகுளத்துல இருந்து ஒரு அம்மா வாராங்க. பதினாறு கடை வச்சிருக்காங்க. ஏர்போர்ட் போற வழியில ரிப்போர்ட்டப் பாத்துட்டுப் போகணுமாம். அதுக்குள்ள முடிஞ்சிரும்ல?"

"ஒரு மணிக்கே முடிஞ்சிரும் முதலாளி."

பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்தது. சர்வர் நின்று மறுபடி கிளம்பியது. திரையில் ஒரே ஒரு வரி சிவப்பில் வந்தது. சாவி பொருந்தவில்லை, பூட்டிய விவரங்களைத் திறக்க முடியவில்லை.

பதறவில்லை. (பொய். பதறினேன்.) மென்பொருளை மட்டும் நிறுத்திக் கிளப்பினேன். கம்ப்யூட்டரையே நிறுத்திக் கிளப்பினேன். சர்வர் தானாக எழுதிக்கொள்ளும் பதிவேட்டைத் திறந்து அரை மணி நேரம் படித்தேன். அதே வரியை அது நாற்பது தடவை எழுதி வைத்திருந்தது. புதுச் சாவி உருவாக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் சர்வர் எழுந்துவிடும், ஆனால் பழைய ரகசியங்கள் எல்லாம் அழிந்து, ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் கையால் மறுபடி ஏற்ற வேண்டும். மூன்று நாள் வேலை. கையை இழுத்துக்கொண்டேன்.

ஒன்றே முக்காலுக்கு முதலாளி வந்து டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனில் சென்னைக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், சாவி பேக்கப் எடுத்தீங்களா?" சென்னைக்காரர் குரலில் எந்த நம்பிக்கையும் இல்லை.

"எடுத்தேன்."

"எடுத்தீங்களா! அப்புறம் என்ன, அதப் போட்டா முடிஞ்சுது. எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு."

"அதான் மேடம், எங்க?"

"சாமிகிட்ட."

அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார், "அப்ப சாமிகிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க மேடம்."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா கையில் கொடுத்து அனுப்பச் சொன்னேன்.

"சாமி முன்னாடி வச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாதுடி," என்றாள் அம்மா. "நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். இருபது வருடமாக அந்த ஒரு நாள் மட்டும் படிக்காமல் இருந்து அனுபவித்தவளுக்குத் தெரியாதா? ஆனால் பென்டிரைவ் வைக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. வேறு ஊர்க்காரர்கள் சாவியைத் தொலைப்பார்கள், மறப்பார்கள். கண் முன்னால் இருக்கும் சாவியை நாளை காலை வரை தொடக் கூடாத இடத்தில் வைக்க எங்கள் வீட்டு ஆளால்தான் முடியும்.

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வீடு வந்தபோது மணி இரண்டரை. அம்மா படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், காவலுக்கு.

"எம்மா, வேலையே போயிரும்மா. மறுபடி பில் தட்டச் சொல்லிருவாக."

"போனாப் போகுது. வேற வேல கிடைக்கும்."

"படிச்சது எதுக்கும்மா அப்ப? இந்த வேலைக்குத்தான படிச்சேன்?"

"அதுக்குத்தான்டி சொல்றேன்." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நம்ம வீட்டுல நீ ஒருத்திதான் படிச்சிருக்க. இன்னைக்கு எடுத்து, அது போயிருச்சுன்னா? நான் யாருகிட்டப் போய் கேப்பேன்?"

எதையும் எதிர்த்துப் பேசுகிற வாய் எனக்கு. படிப்பு அப்படியெல்லாம் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு அதை எந்தப் புத்தகத்தைக் காட்டி நிரூபிப்பது?

"சரி," என்றேன். "சாமி முன்னாடி இருந்து எடுக்கக் கூடாது. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்."

"நான் எடுக்கல. சாமியையும் சேத்துக் கூட்டிட்டுப் போறேன். முன்னாடி வச்சது முன்னாடியே இருக்கட்டும்."

அம்மா யோசித்தாள். வாசலில் நின்ற அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பதை மறைக்க. கடைசியில் அம்மா எழுந்து சேலையை உதறினாள். "நானும் வாரேன். நீ வழியில எடுத்துருவ."

அப்படித்தான் போனோம். ஸ்கூட்டியில் நான். என் முதுகில் சாய்ந்தபடி, அம்மாவைப் பார்த்துக்கொண்டு, மாலையோடு சரஸ்வதி. படத்துக்கு முன்னால் அம்மா மடியில் தாம்பாளம். தாம்பாளத்தில் பென்டிரைவ், வெற்றிலை, வாழைப்பழம், ஊதுபத்தி. பைபாஸ் சிக்னலில் பக்கத்து பஸ்ஸில் இருந்த இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சாமிக்கு இன்னைக்கும் டூட்டியா?" என்றார்.

"ஆமாண்ணே, அவசரம். வழி விடுங்க," என்றாள் அம்மா.

மூன்றே முக்காலுக்குச் சர்வர் ரூமில் சரஸ்வதியை மேஜை மேல் நிறுத்தினோம். பென்டிரைவைத் தூக்காமல், ஒரு நீள ஒயரைக் கொண்டு வந்து அது இருந்த இடத்திலேயே சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு அது கண்ணிலேயே படவில்லை. காரணம் உடனே புரிந்தது. அதன் முகத்தில் சந்தனம், உள்ளே வரை காய்ந்து போயிருந்தது.

அம்மா ஊதுபத்திக் குச்சியால் சுரண்ட, நான் ஊத, இருவரும் தாம்பாளத்தின் மேல் குனிந்திருந்தபோது பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. "இதுதாங்க எங்க சர்வர் ரூம்..." வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

எர்ணாகுளத்து அம்மா வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், கையில் சின்னப் பெட்டி. மாலை போட்ட கம்ப்யூட்டரை, மாலை போட்ட படத்தை, குச்சியோடு என் அம்மாவை வரிசையாகப் பார்த்தார். முதலாளியின் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

"என்னா பண்றீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். சாவி, அப்டேட், பூஜை, எல்லாம்.

அவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். "பூஜைக்கு வெச்சது எடுக்கக் கூடாது. அம்மா சொன்னது கரெக்டு. என் மகன் புத்தகமெல்லாம் இப்ப எங்க வீட்டில பூஜையிலதான். நாளை வரை படிக்க வேண்டாம்னு அவன் எத்தற சந்தோஷமா இருக்கான் தெரியுமா?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க பண்ணுங்க. ஃபிளைட்டுக்கு நேரம் உண்டு."

நாலரைக்குக் கம்ப்யூட்டர் பென்டிரைவை ஒப்புக்கொண்டது. சாவி ஏறியது. டிவியில் படம் வந்தது. எல்லாவற்றிலும் பெரிதாக, நடுவில், உடைசல் வரைபடம். அதிலும் பளிச்சென்று ரத்தச் சிவப்பில் எர்ணாகுளம் ரோடு. சோதனைக்கு அனுப்பிய மூன்று லோடும் மலைப்பாதையில் நொறுங்கியிருந்தது. முதலாளி டிவிக்கு முன்னால் போய் நிற்கப் பார்த்தார். ஆள் ஒல்லி, மறைக்கவில்லை.

"இது கண்டிட்டுப் போகத்தான் வந்தேன்," என்றார் அந்த அம்மா. முதலாளி கேட்டதில் பாதிக்கு ஆர்டர் சொன்னார். அப்பளப் பெட்டியை உடையாத மாதிரி மாற்றினால் மீதி என்றார். என் அம்மா கொடுத்த வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கார் போனதும் முதலாளி திரும்பினார். "பாண்டீஸ்வரி, நாம பேசுனது ஞாபகம் இருக்கா? நாளையில இருந்து பில் சீட்டு."

கிளம்பக் கையில் எடுத்த தாம்பாளத்தை அம்மா மறுபடி கீழே வைத்துவிட்டாள். நான் போனை எடுத்து, சாவி ஏற்றும்போது மறுபடி கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்த சென்னைக்காரரைப் பார்த்து, அதாவது போனைப் பார்த்து, கேட்டேன்.

"சார், இதுக்கு முன்னாடி அஞ்சு வருஷமா நீங்க அப்டேட் போட்டீங்களே, ஒரு தடவையாவது இந்தச் சாவிய எடுத்து வச்சீங்களா?"

"அது... அப்ப தேவைப்படல மேடம்."

"தேவைப்பட்டிருந்தா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் முதலாளி பக்கம் திரும்பினேன்.

"முதலாளி," என்றேன், "வீட்டுல வச்சது என் தப்பு. எடுத்து வச்சதும் நான்தான். நான் எடுக்கலன்னா இன்னைக்கு ஸ்கூட்டியில கூட்டிட்டு வர சாமியும் கிடையாது, சாவியும் கிடையாது. இப்பச் சொல்லுங்க, யாரு பில் தட்டணும்?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "இனிமே ரெண்டு எடு," என்றார். "ஒன்னு என் பீரோவுல இருக்கட்டும். எங்க பீரோவுக்கு நாங்க பொட்டு வைக்க மாட்டோம்."

இன்றும் அந்தச் சர்வர் என் கையில்தான். ஆனால் ஊருக்குள் பெயர் அம்மாவுக்கு. கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும், "பாண்டீஸ்வரி என்ன வேல பாக்குது?" என்று யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொள்கிறாள். "கம்ப்யூட்டர் வேல. பெரிய பழுதுன்னா என்னையத்தான் கூப்பிடுவாக." வீட்டில் டிவி நின்றால் அப்பா ரிமோட்டைத் தேடுவதில்லை. "உங்கம்மாவ வரச் சொல்லு, படத்தோட," என்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இந்தக் கதை சொல்லப்பட்டது. அவர்கள் சிரித்த சிரிப்பில் காபி ஆறிப் போனது.

சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஒரு சர்வரைக் கெடுத்ததில்லை. கெடுக்கும்படி யாரும் அவர்கள் கையில் எதையும் கொடுத்ததும் இல்லை.