ஒரு வாலுக்கு இன்சூரன்ஸ்

சட்டம் எழுதினவனே, உன்னைத்தான் சொல்கிறேன். அந்தக் கழுதையின் காலை உடைத்தது காட்டுப்பன்றி இல்லை, நீ. எப்படி என்கிறாயா? கேள்.

ஒரு காட்டில், உப்பளத்திலிருந்து சந்தைக்கு மூட்டை சுமந்து பிழைக்கும் கழுதை ஒன்று இருந்தது. கால்தான் அதற்குக் கடை, கால்தான் கல்லா. பேரம் பேசுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஓடுகிற மிருகமெல்லாம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பது அந்தக் காட்டுச் சட்டம். தான் இடித்து அடுத்தவனுக்கு அடிபட்டால் கொடுப்பதற்கு. எவ்வளவு? குறைந்தது அடிபட்டவனின் ஒரு வாலுக்கு. ஏன் வால்? எழுதுகிற அன்று உன் நினைவுக்கு வந்தது அதுதான் போலிருக்கிறது.

ஏஜென்ட் நரி கழுதையிடம் பாலிசி விற்க வந்தது. இடிக்கிறவனிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், இருந்தும் பற்றாவிட்டாலும், அடிபட்டவனுக்குப் பணம் தரும் பிரிவு ஒன்று அதில் இருந்தது. அது வேண்டுமா என்று கேட்டாக வேண்டும் என்பதும் சட்டம். நரி கேட்டது, கொட்டாவி விட்டுக்கொண்டே. கழுதையின் காதில் விலை மட்டும்தான் விழுந்தது. குறை என்றது. எழுந்து போவதுபோல் பாவனை காட்டியது. நரி அந்தப் பிரிவை உருவிவிட்டு விலையைக் குறைத்தது. நரியையே மடக்கிவிட்டேன் என்று கழுதை சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தது.

ஒருநாள் வளைவில் கண்மண் தெரியாமல் வந்த காட்டுப்பன்றி மோதி, கழுதையின் முன்னங்கால் முறிந்தது. காசு வந்தால்தான் கட்டு என்றது வைத்தியர் கொக்கு. கட்டுப் போடாவிட்டால் அதன்பின் மூட்டை இல்லை, சோறும் இல்லை.

பன்றி ஓடிப்போகவில்லை. சட்டப்படி தன்னிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றது. விற்றது அதே நரி.

நரி வந்து கழுதையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

"வாலுக்கு ஒண்ணும் ஆகலையே, அண்ணாச்சி."

"கால் தொங்குது தம்பி, கண்ணு தெரியலையா?"

"தெரியுது. பன்றி எடுத்திருக்கிறது வாலுக்கு மட்டும். மிச்சத்துக்கு உங்க பாலிசியில ஒரு பிரிவு இருந்துச்சு. அதைத்தான் நீங்க பேரத்துல கழிச்சுட்டீங்களே."

நரி போனதும் கழுதை பன்றியைக் கூப்பிட்டது. மோதினதுதான் மோதினாய், வாலையும் கடித்து எடுத்துவிட்டுப் போ என்றது. பன்றி கொஞ்சம் கூச்சப்பட்டது, பிறகு கடித்தது.

நரி திரும்பி வந்து பார்த்தது. இப்போதுதான் கேஸ் ஒழுங்காக இருக்கிறது என்று பாராட்டிப் பணம் கொடுத்தது. ஒரு வாலின் காசு அரைக் கட்டுக்குத்தான் வந்தது. கழுதை இன்றைக்கும் நொண்டுகிறது. புண்ணில் உட்காரும் ஈயை ஓட்டவும் வால் இல்லை.

நீதி: இடி வாங்குகிறவன், இடிக்க வருகிறவனின் இன்சூரன்ஸ் எந்த உறுப்புக்கு என்று விசாரித்து, அந்த உறுப்பைக் காட்டி நிற்க வேண்டும். படிக்க அசிங்கமாக இருக்கிறதா, சட்டம் எழுதினவனே? அப்படியானால் பேனாவை எடு. இப்போதாவது காலையும் சேர்த்து எழுது.