முந்நூற்றுப் பதினெட்டு

"முந்நூத்திப் பதினெட்டு!"

மனைவி போட்ட சத்தத்தில் டிரைவர் கையிலிருந்த அவித்த முட்டை நழுவித் தட்டில் விழுந்தது.

"என்னது முந்நூத்திப் பதினெட்டு?"

"உங்க கொலஸ்ட்ரால். இருநூறைத் தாண்டக் கூடாதாம். நீங்க முந்நூறையே தாண்டிட்டீங்க." கம்பெனியிலிருந்து வந்த தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். இன்னொரு கையால் அந்த முட்டையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "இனிமே இதெல்லாம் உங்களுக்குக் கிடையாது."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் ரத்தத்தில் இவ்வளவு கொழுப்பா என்பதற்காக அல்ல. அது அவருடைய ரத்தமே இல்லை.

இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறார். வயது நாற்பத்தெட்டு. சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ராஜா. இறங்கினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அம்மா அப்பா என்று முனகியபடி நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனாலும் பஸ்தான் அவருக்கு உயிர். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் மாட்டிய ஒரு டிரைவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, டெப்போவில் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்குக் காவல். பாவம், மனுஷன் அங்கேயே ரிட்டையர் ஆகிவிட்டார்.

நெடுஞ்சாலை கேன்டீனில் தினமும் என்னென்ன உள்ளே தள்ளுகிறோம் என்பது நம் டிரைவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் இந்த வருடம் ஒரு காரியம் செய்தார். பரிசோதனைச் சீட்டை மச்சினன் கையில் கொடுத்து, "எனக்குப் பதிலா நீ போய் ரத்தம் கொடுத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

மச்சினன் உடம்பில் கிள்ளி எடுக்கக்கூடச் சதை கிடையாது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுவான், யாரும் துரத்தாமலே. மார்க்கெட் தெரு லேபில் ஆள் அடையாளமும் பார்ப்பதில்லை. ஜன்னலில் சீட்டைக் கொடுத்தால் டோக்கன். உள்ளே டோக்கனைக் காட்டினால் ஊசி. அங்கே முகம் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது, மச்சான்."

"சத்தியமா சொல்ல மாட்டேன், அத்தான்" என்றான். கொஞ்சம் முகம் வெளுத்தது போலிருந்தது. பொய்க்குத் துணை போகிற கூச்சம் என்று டிரைவர் எடுத்துக்கொண்டார்.

நடிப்பதென்றால் அரைகுறையாக நடிக்கலாமா? பரிசோதனை நாளன்று அவரும் முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, கையை நீட்டாமல் வீட்டுக்கு வந்தார். மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. அவள் கையிலும் ஒரு பிளாஸ்திரி இருந்தது. சமைக்கும்போது எண்ணெய் தெறித்துவிட்டதாம். "பார்த்து வேலை செய்யக் கூடாதா?" என்று இவர் அதட்டவும் செய்தார்.

இப்போது தாளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வியர்த்தது. அப்படியானால் இந்த முந்நூற்றுப் பதினெட்டு மச்சினனுடையது! ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஓடுகிற ஓட்டத்தில் அவன் இதயம் பாதி வழியில் நின்றுவிட்டால்?

"லேப்ல ஏதோ தப்பு நடந்திருக்கும்" என்று சொல்லிப் பார்த்தார்.

"தப்பு லேப்ல இல்லை. கேன்டீன்ல" என்றாள் மனைவி.

அன்றே டெப்போ மேனேஜர் கூப்பிட்டு, மறுபேச்சுக்கு இடமில்லாமல் தொலைந்த பொருள் அறைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அங்கே சாய்மானம் இல்லாத ஒரு ஸ்டூல். இரண்டே நாளில் இடுப்புவலி முதுகுக்கு ஏறி, முதுகிலிருந்து கழுத்தைப் பிடித்தது.

வீட்டில் அதைவிட மோசம். உப்பில்லாமல் வேகவைத்த காய்கள், தோல் நீக்காத பழங்கள், சாயங்காலம் கட்டாய நடை. வீட்டில் இருந்த வெண்ணெய், சீஸ், வறுத்த முந்திரி, பிறந்தநாள் கேக்கில் மிச்சமிருந்த பாதி, எல்லாவற்றையும் மனைவி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"கொட்டிடலாமே?" என்றார் டிரைவர், நாக்கில் எச்சில் ஊற.

"காசு போட்டு வாங்கினதை எப்படிக் கொட்டறது? வீட்ல இருந்தா உங்க கண்ணு அங்கதான் போகும். உங்களுக்காகத்தான் நான் தின்னு தீர்க்கறேன்."

சொல்லிக்கொண்டே வெண்ணெயை ரொட்டியில் ஒரு விரல் கனத்துக்குப் பூசினாள். இன்னொரு கை இடுப்பில் இருந்தது.

"உனக்கும் இடுப்பு வலிக்குதா?"

"நாள் பூரா அடுப்படியில நிக்கறவளுக்கு வலிக்காம என்ன செய்யும்? உங்களுக்காவது டெஸ்ட் எடுக்கக் கம்பெனி இருக்கு. என்னை எந்தக் கம்பெனி அனுப்புது?"

டிரைவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவருக்கு மச்சினன் கவலை. மறுநாள் குடைகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு அவனுக்குப் போன் போட்டார். அவன் பக்கத்து ஊர் மைதானத்தில் தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நெஞ்சு எப்படி இருக்கு?"

"இரும்பு அத்தான்! ஏன்?"

"ஞாயித்துக்கிழமை நீ ஓட வேண்டாம்."

"ஆறு மாசமா இதுக்காகத்தானே உயிரைக் கொடுத்துட்டு இருக்கேன்."

உயிரைக் கொடுக்கிறேன் என்றதும் டிரைவர் பதறிப்போய்க் குரலை உயர்த்தினார். "அதுக்கில்லடா. அன்னைக்கு நீ கொடுத்தியே, அந்த ரத்தம்..."

"ஹலோ? ஹலோ? சிக்னல் இல்லை, அத்தான்!"

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டார். 'ரத்தம்' என்று ஆரம்பித்ததுமே மறுபடி சிக்னல் போய்விட்டது. நாலு தடவை முயன்றும் அதே கதை. இனி ஆளை நேரில் வரவழைத்துப் பிடித்து வைத்தால்தான் உண்டு.

சனிக்கிழமை காலை, நடு ஹாலில் தடாலென்று மல்லாந்து படுத்தார்.

"ஐயோ! முதுகு பிடிச்சுக்கிச்சு! அசைய முடியலை!"

மனைவி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அவர் அசையவில்லை, அவள் இடுப்பில்தான் ஏதோ 'மளுக்'கென்றது. வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து முதுகுக்கடியில் செருகினாள். மூடி சரியாகத் திருகவில்லை. கொதிக்கிற தண்ணீர் முதுகில் வழிய, அசைய முடியாதவராக நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது டிரைவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"என்னால ஆகாது. ஆம்பளை ஆள்தான் வந்து தூக்கணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "உன் தம்பியைக் கூப்பிடு. நாளைக்கும் இங்கேயே இருக்கச் சொல்லு."

அவள் போனை எடுத்தாள். "டேய், உங்க அத்தான் விழுந்துட்டார்டா! உடனே வா!"

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். வந்துவிடுவான். பஸ் ஏறினால் அரை மணி நேரம். அக்கா புருஷன் கிடக்கிற கிடையைப் பார்த்தபிறகு எந்தப் பையனும் மாரத்தான் ஓடப் போக மாட்டான். கல்யாணத்தன்று எட்டு வயதுப் பொடியனாக வந்து, அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க விடாமல் நின்றவன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரமும் ஆயிற்று. மனைவி பதற்றத்தில் மிச்சமிருந்த கேக்கை எடுத்து வைத்துக்கொண்டு, வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தாள். பதற்றம் வந்தால் அவளுக்குப் பசிக்கும்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மச்சினன் உள்ளே வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"பஸ் போயிடுச்சு... அத்தான்... அடுத்த பஸ்ஸுக்கு... ரெண்டு மணி நேரமாம்... அதான்... ஓடியே வந்துட்டேன்! பதினெட்டு கிலோமீட்டர்!"

டிரைவர் ஒரே துள்ளலில் எழுந்தார். பாய்ந்து போய் மச்சினனைக் கட்டிப்பிடித்து, தான் கிடந்த அதே ஈரத் தரையில் அவனைக் கிடத்தினார். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"அத்தான், என்ன பண்றீங்க? விடுங்க!"

"பேசாதடா! மூச்சை விடு! மெதுவா விடு!"

மனைவி கேக்கும் கையுமாக நின்றாள். "ஏங்க, உங்க முதுகு?"

டிரைவர் நிமிர்ந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. பஸ் போனாலும் போகட்டும், ஆயுள் முழுக்கக் குடைக்குக் காவல் இருந்தாலும் சரி, ஒரு உயிரைவிடவா?

"முதுகுக்கு ஒண்ணும் இல்லைம்மா. இவனை வரவழைக்கத்தான் படுத்தேன். அந்த முந்நூத்திப் பதினெட்டு என் ரத்தம் இல்லை. வேலை போயிடுமோன்னு பயந்து, என் சீட்டைக் கொடுத்து இவனைத்தான் லேபுக்கு அனுப்பினேன். கொலஸ்ட்ரால் உன் தம்பிக்குத்தான். இவன் நாளைக்கு ஓடினா செத்துப் போவான். என்னை என்ன வேணா திட்டு. இவனை மட்டும் ஓட விடாதே."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லை. வாயில் போட்டதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கேக் தட்டை மேஜையில் வைத்து, எட்டிய மட்டும் தள்ளிவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். தம்பி மேல் அவ்வளவு பாசம் என்று டிரைவர் உருகிப் போனார்.

மச்சினன் தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். அவன் அத்தானைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு, அழாத குறையாகச் சொன்னான்:

"ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துடும், அத்தான்... மாரத்தானுக்கு டெஸ்ட் கேக்கறாங்கன்னு பொய் சொல்லி, அந்த டோக்கனுக்கு நான் அக்காவைத்தான் கையை நீட்ட வச்சேன்."