ராணி செத்துக்கொண்டிருக்கிறாள், அப்புறம் வருகிறேன்

சோக நாடகம் பார்த்து அழுகிறவர்கள் ஒரு ரகம். அழுகிறவர்களுக்கு நடுவே அமர்ந்துகொண்டு, செத்தவன் கடைசியாகப் பேசிய வாக்கியத்தில் எழுவாய் எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலியில் சந்தித்திருந்தால், ஐயோ பாவம் நீங்கள்.

நம் பேராசிரியர் அந்த ரகத்தின் திலகம். மாணவர்கள் வைத்த பெயர் 'உட்பொருள்'. மேடையில் மன்னன், ஆள் தெரியாமல் சொந்த மகனையே வெட்டிவிட்டு, பிணத்தை மடியில் போட்டுக் கதறுகிறான், கூடமே மூக்கை உறிஞ்சுகிறது, நம்மவரோ பக்கத்து இருக்கை அம்மாளின் பக்கம் சாய்ந்து, "கவனிச்சீங்களா? இதுவரைக்கும் 'என் மகன்'னு சொன்னவன் இப்ப 'இவன்'ங்கறான். ஒரே சொல்லுல எவ்வளவு தூரம் போயிட்டான் பாருங்க!" என்கிறார்.

"அந்த மனுஷனைக் கொஞ்சம் அழ விடுங்க சார்" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் காலை, வீட்டு மேஜையில் அந்த நாடகத்தைப் பற்றிய கட்டுரை. இப்போது அதில் வரும் ராணியின் முறை. சாகும் முன் அவள் மூன்று தடவை தண்ணீர் கேட்கிறாள். ஏன்? தாகமா? சே, தாகமெல்லாம் உங்களுக்கும் எனக்கும்தான். ராணிக்கு அது குற்ற உணர்வு, கழுவ முடியாத கறை, ஆட்சியின் வறட்சி என்று அவர் எழுதிக்கொண்டே போனபோது, சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, நெஞ்சு என்னமோ பண்ணுது."

"ம்."

"கையும் மரத்துப்போகுது. கொஞ்சம் வாங்களேன்."

"இதோ வரேன். ராணி செத்துக்கிட்டிருக்கா."

ராணியின் பாத்திரத்தில் மூழ்கியிருந்தவருக்கு, சமையலறையில் பாத்திரம் விழுந்து உருண்ட பிறகுதான் காது கேட்டது. ஓடினார். மனைவி தரையில் சரிந்து கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "எந்தக் கை மரத்துச்சு? வலி எப்போ ஆரம்பிச்சது? அவங்க என்ன சொன்னாங்களோ அதை அப்படியே சொல்லுங்க."

மன்னனின் வசனம் முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கக்கூடியவர் திருதிருவென்று விழித்தார். கை என்றாளா, கால் என்றாளா? நேற்றும் ஏதோ சொன்னாளோ?

"நான்... சரியா கேக்கல டாக்டர்."

அவர் வாயிலிருந்து விளக்கவுரை தேவைப்படாமல் வந்த முதல் வாக்கியம் அது. சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தேம்பித் தேம்பி அழுதார்.

மனைவி பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் கண் திறந்தவள், அவர் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பிக் கேட்டாள்: "அடுப்பை அணைச்சீங்களா?"

அவர் நெஞ்சு விம்மியது. அடுப்பு! குடும்பத்தின் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்...

"அடுப்புன்னா அடுப்புதாங்க!" என்றாள் அவள், அந்த முகத்தை நன்றாகவே அறிந்தவள். "எரிஞ்சிட்டிருக்கும். ஓடுங்க!"

ஓடினார். நல்லவேளை, புகையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே புகுந்து அணைத்திருந்தார். சட்டிதான் கரிக்கட்டை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கரிந்த சட்டி எதைக் குறிக்கிறது என்று உங்களுக்குள் இப்போது ஒரு யோசனை ஓடுகிறதே, அதைச் சற்று நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் யாரோ ரொம்ப நேரமாக உங்களைக் கூப்பிடுகிறார்கள்.