பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?

மாமனார் ஆகப்போகிறவரிடம் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன்." இன்று அப்படியே வேலை செய்யும் என் மகன் சோபாவில் படுத்தபடி, பினாங்கில் வாடகை எவ்வளவு, சியாங் மாயில் சாப்பாடு எவ்வளவு என்று மடிக்கணினியில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனை யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை. என்னை வைத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். கோலாலம்பூரில் இருந்த ஓர் அஞ்சல்வழிக் கல்லூரிக்கு நான் புவியியல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தாள்கள் தபாலில் வரும். சிவப்பு மையில் திருத்தி மாணவர்களுக்கே தபாலில் அனுப்பிவிடுவேன். தபால் பெட்டி உள்ள எந்த ஊரிலும் குடியிருக்கலாம் என்று பெருமையடித்துக்கொள்வேன். எனக்கு நிச்சயமாகியிருந்த ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணிக்கு ஈப்போ ரயில் நிலையத்தில் வேலை. காக்கிச் சட்டை போட்டு வெளியே போகாதவன் வேலைக்குப் போகாதவன் என்பது அவருடைய கணக்கு.

"ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"வீட்லதான் மாமா."

"அந்த வீடு எங்க இருக்கு?"

"இன்னும் பாக்கல மாமா."

வரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் எங்களுக்கு முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பாரே, அதுதான். "சனிக்கிழமைக்குள்ள வீட்டக் காட்டு. இல்லாட்டி அந்தத் தடைய நானே எந்திரிச்சுச் சொல்லுவேன்" என்றார் அந்தோணி. சிரிக்கவில்லை. ஸ்டெல்லாவை விட்டுவிட்டு ஒரு வாழ்க்கையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஊர் ஊராக அலைந்தேன். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் வாடகை மலிவு, எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனால் மோட்டார் சைக்கிள் சத்தத்தில் ஆப்பிரிக்காவைத் திருத்த ஆரம்பித்தால் ஆசியாவில் போய் முடிப்பேன். கோலா கங்சாரில் ஆறும் அமைதியும் இருந்தன, ஆற்று மீனும் மலிவு. ஸ்டெல்லா அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால்தான் அரை நாள் போய்விடும். மிச்சம் இருந்தது சிம்பாங் பூலாய். கேமரன் மலையிலிருந்து இறங்கும் லாரிகளால் காய்கறி கொள்ளை மலிவு, ஈப்போவுக்கு பஸ்ஸும் உண்டு.

சனிக்கிழமை காலை, திருத்திய தாள்கள் அடங்கிய உறைகளைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே இறங்கினேன். (ஊரின் தபால் நிலையத்தையும் சோதித்துவிடலாம் என்ற மேதாவித்தனம்!) வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். பகலில் அமைதி வேண்டுமே, அதனால் எல்லோரிடமும் அதே கேள்விகள்: "அக்கா, பகல்ல வீட்ல யாரெல்லாம் இருப்பாங்க? எத்தன மணிக்கு வேலைக்குப் போவாங்க? நாய் குலைக்குமா? பின்னால சந்து எங்க போவுது?"

அந்த வரிசையில் அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு சைக்கிளும் ஒரு கேஸ் சிலிண்டரும் காணாமல் போயிருந்தன என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பத்து நிமிடத்தில் மளிகைக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஆட்கள். லாரி ஓட்டும் முத்துசாமி என்பவர் என் பையைத் தலைகீழாகக் கொட்டினார்.

"பாரு லா! ஸ்டாம்பு ஒட்டின கடுதாசி! தைப்பிங் ஆளு, தஞ்சோங் மாலிம் ஆளு... எல்லாம் அடுத்தவன் பேரு!" அடுத்த உறையைப் பார்த்ததும் அவர் குரல் ஏறியது. "தேவராஜு, சிம்பாங் பூலாய்! நம்ம தேவராஜோட கடுதாசியத் திருடிருக்கான்!"

ஒருவன் தேவராஜைத் தேடி ஓடினான். "நான் வாத்தியார் அண்ணே" என்றேன். எந்தப் பள்ளிக்கூடம் என்றார்கள். பள்ளிக்கூடம் இல்லை என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். "ஈப்போ ஸ்டேசன் அந்தோணிக்கு மருமகனாகப் போறேன்" என்றும் சொல்லித் தொலைத்தேன். கடைக்காரர் உடனே ரயில்வே ஸ்டேஷனுக்கு போன் போட்டார்.

அந்தோணி காக்கி உடுப்போடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார், கீழே கிடந்த உறைகளைப் பார்த்தார்.

"அண்ணே, இந்த ஆள ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார் முத்துசாமி.

"தெரியும்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததும் வந்தது. "என்னா வேல செய்றான்னுதான் எனக்கும் தெரியாது."

ஸ்டெல்லா போயே போய்விட்டாள் என்று முடிவு கட்டினேன். அப்போதுதான் தேவராஜ் வந்தான். காய்கறி லாரியில் வேலை பார்ப்பவன், தோள் ரெண்டும் கதவு அகலம். உறையைக் கிழித்துத் தன் விடைத்தாளைப் பார்த்தான். முகம் சிவந்தது.

"மேப்புல நான் ஈப்போவக் கடல்ல வச்சிருக்கேன்னு எழுதினது நீதானா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "கடல்லயா? நாம இப்ப நிக்கிற எடமும் தண்ணிக்குள்ளயா லா?" என்று முத்துசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஃபெயில் போட்டிருக்க. மறுபடி பாரு லா."

அந்தோணியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ் போட்டால் பல் தப்பும். ஆனால் அவர் கண் முன்னால் எப்படிப் போடுவது?

"இல்லண்ணே... கடல் கடல்தான். அடுத்த பரீட்சைக்கு நானே சொல்லித் தாரேன்."

தேவராஜ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். எனக்கு உயிர் வந்தது. அந்தோணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, இவனுக்கு வேல இருக்கு" என்றார். "இங்க வாடக எவ்ளோ?"

மறுநாள் ஓலை வாசித்தார்கள். சிம்பாங் பூலாயிலேயே குடியேறினோம். இரண்டு வீடு தள்ளி தேவராஜ். அடுத்த பரீட்சையில் பாஸாகி, ஒரு கூடை முட்டைக்கோஸைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

மகன் எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் ஸ்டெல்லா சொல்வது ஒன்றுதான்: "எங்க வேணா போ. பகல்ல யாரு வீட்ல இருப்பாங்கன்னு மட்டும் கேட்டுடாத." அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தள்ளாத வயதிலும் மாமா ஒரு கல்யாண வீட்டையும் விடுவதில்லை. புதிதாக யாரைப் பார்த்தாலும் என் தோளில் கை போட்டு அறிமுகம் செய்கிறார்:

"இது என் மருமவன். என்னா வேலன்னு என்கிட்ட கேக்காதீங்க, தேவராஜக் கேளுங்க."